எழுதிக் கொடுத்ததை மட்டும் வாசிக்கவும்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். உள்ளத்தில் ஊறியது, உறக்கத்தில் வந்தது என்றெல்லாம் சொல்ல எனக்கும் ஆசைதான். வாட்சப்பில் வந்தது.

"அண்ணே, ஒரு கதை வேணும் லா. மோட்டிவேஷனா இருக்கணும். ஆறு பக்கம் போதும். வியாழக்கிழம குடுத்துருங்க."

குரல் காளிதாசனுடையது. காளிதாசன் மூன்று வருடத்துக்கு முன்பு, மலேசியாவின் கெடா மாநிலத்தில், வடக்கே இருக்கும் ஒரு பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவர் சங்கத் தலைவனாக இருந்தவன். இப்போது தலைமைத்துவப் பயிற்றுநர். கன்னத்தோரம் மைக் ஒட்டிக்கொண்டு ஹோட்டல் மண்டபங்களில் நடந்துகொண்டே பேசுகிறான். புதிய மாணவர்களுக்காக ஒரு கையேடு போடப் போகிறானாம். வளாகத்தில் சங்கங்களில் சேர்ந்து உழைத்தால் வாழ்க்கைத் தொழிலுக்கு வழி பிறக்கும் என்பது கையேட்டின் சாரம். அதற்கு உதாரணமாக ஒரு கதை.

"யாரப் பத்தி?" என்று கேட்டேன்.

"பிரேமாவதியப் பத்தித்தான். நம்ம சங்கத்துலதான் அவளுக்கு வழி தெரிஞ்சது. இப்பப் பாருங்க, கூலிம்ல எச்.ஆர். நல்ல எக்ஸாம்பிள்."

நான் சுங்கை பட்டாணியில் அச்சகம் வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், சங்கங்களின் ஆண்டு மலர். இடைவெளிகளில் கதை எழுதுவேன். இதுவரை பதினொன்று. அவற்றில் மூன்றை என் மனைவி தவிர வேறு சிலரும் படித்திருக்கிறார்கள்.

காளிதாசன் சொன்னதில் எனக்கு ஒரு சிக்கல். அவன் பொய் சொல்லியிருந்தால் மறுத்துவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். ஆனால் அவன் சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை. சங்கத்தால்தான் அவளுக்கு வழி தெரிந்தது. அந்த வழியில் போய் அவள் எங்கே நிற்கிறாள் என்பதுதான் அவனுக்குத் தெரியாது.

2

முதல் தொடக்கம்:

பண்டார் பாருவின் செவ்வானத்தின் கீழே, பறவைகள் கூடு திரும்பும் அந்திப் பொழுதில், பிரேமாவதி தன் எதிர்காலத்தை எண்ணி

[நிறுத்திவிட்டேன். அவளுடைய ஊரான பண்டார் பாருவில் அந்திப் பொழுதில் பிரேமாவதி துணி மடித்துக்கொண்டிருப்பாள். எதிர்காலத்தை எண்ணும் வேலையை அவளுடைய அப்பா பக்கிரிசாமி பார்த்துக்கொண்டார். அவர் தொழிற்சாலை பஸ் ஓட்டுநர். பண்டார் பாருவிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு காலை ஐந்தரைக்குக் கிளம்பி கூலிம் ஹைடெக் பூங்காவில் இறக்குவார். இருபது வருடமாக ஆட்களை வாசலில் இறக்கிவிட்டுத் திரும்புகிறவருக்குத் தன் மகள் அந்த வாசலுக்குள், ஏர்கோன் அறையில், நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஆசை. குறிப்பாக எந்த நாற்காலி என்று அவர் யோசித்ததில்லை.]

இரண்டாம் தொடக்கம்:

சிறு வயது முதலே பிரேமாவதியிடம் தலைமைத்துவப் பண்புகள் மிளிர்ந்தன.

[இல்லை. கூட்டத்தில் எப்போதும் கடைசி வரிசை. குழுப் புகைப்படங்களில் அவளுடைய நெற்றி மட்டும் தெரியும்.]

மூன்றாம் தொடக்கம், உள்ளபடி:

பிரேமாவதி சங்கத்தில் சேர்ந்தது ஓர் அறைக்காக. வளாக விடுதியில் இரண்டாம் வருடமும் இடம் வேண்டுமென்றால் மெரிட் புள்ளி வேண்டும். மெரிட் புள்ளி வேண்டுமென்றால் எதிலாவது சேர வேண்டும். பூப்பந்து ஆட வராது. பாடினால் பக்கத்து அறைக்காரிகள் கதவைத் தட்டுவார்கள். மிஞ்சியது தமிழ்ச் சங்கம்.

படிப்பும் இப்படித்தான் வந்தது. விண்ணப்பத்தில் அவள் எட்டுப் படிப்புகளை எழுதினாள். ஆறாவதாக எழுதிய மனிதவள நிர்வாகம் கிடைத்தது. ஆறாவது வரியில் அதை ஏன் எழுதினாய் என்று ஒருமுறை கேட்டேன். "ஆறாவது வரி காலியா இருந்துச்சுண்ணே" என்றாள்.

காளிதாசா, இந்தப் பகுதியை நீ வெட்டிவிடுவாய் என்று தெரியும். புதிய மாணவர்களுக்கு இது உதவும். ஆதலால் எழுதி வைக்கிறேன்.

3

சங்கத்தில் எல்லாருக்கும் ஒரு பதவி கிடைத்தது. தலைவர், இரண்டு துணைத்தலைவர்கள், செயலாளர், துணைச் செயலாளர், துணைச் செயலாளருக்கு உதவியாளர். கடைசியாகத் தொடர்புப் பிரிவு கேட்பாரற்றுக் கிடந்தது. தொடர்புப் பிரிவு என்றால் போன் பேசுவது. பிரேமாவதியிடம் எவ்வளவு பேசினாலும் தீராத போன் பிளான் இருந்தது. பஸ்ஸை நிறுத்தும் இடத்திலிருந்தெல்லாம் மகளைக் கூப்பிட வேண்டும் என்பதற்காக அப்பா எடுத்துக் கொடுத்தது. அந்த ஒரே தகுதியில் அவள் தொடர்புப் பிரிவுத் தலைவியானாள். பிரிவில் வேறு ஆள் இல்லை.

அந்த வருடம் காளிதாசன் ஒரு கலைவிழா அறிவித்தான். பல்கலைக்கழகத்தின் பெரிய மண்டபமான டேவானில், தோட்டங்களிலிருந்தும் பட்டணங்களிலிருந்தும் பதினான்கு குழுக்கள் வந்து ஆடும், பாடும். பஸ் அனுப்புவோம், சாப்பாடு உண்டு, எல்லாருக்கும் கேடயம், தொலைக்காட்சிக்காரர்கள் வருவார்கள். (தொலைக்காட்சிக்காரர்களுக்கு இது தெரியாது.) பதினான்கு குழுவுக்கும் போன் செய்து இதையெல்லாம் சொன்னவள் பிரேமாவதி. காளிதாசன் எழுதிக் கொடுத்ததை அப்படியே வாசித்தாள்.

அழைப்பிதழ் அடித்தவன் நான். 'மாபெரும்' என்ற சொல் அதில் மூன்று இடத்தில் வரும். ஒன்று அவர்கள் கேட்டது. மற்ற இரண்டும் இடம் காலியாக இருந்ததால் நானே போட்டவை.*

* என் தொழிலில் இது குற்றமில்லை. இதுவரை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

விழா நடத்த மாணவர் விவகாரப் பிரிவில் ஒரு தாள் கொடுக்க வேண்டும். கெர்த்தாஸ் கெர்ஜா என்பார்கள். என்ன நிகழ்ச்சி, யார் வருவார்கள், எந்த மண்டபம் என்று முப்பது பக்கம். அதை இரண்டு மாதத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்பது விதி. காளிதாசன் ஒன்பது நாளுக்கு முன் கொண்டுபோய்க் கொடுத்தான். அவர்கள் விதியைக் காட்டினார்கள். டேவான் கிடையாது, விழா கிடையாது என்று அன்று காலையே முடிந்துவிட்டது.

காளிதாசன் சங்கத்து வாட்சப் குழுவில் இரண்டு வரி போட்டான். 'டெக்னிக்கல் காரணத்தால் போஸ்ட்போன். பிரேமா எல்லா குழுவுக்கும் இன்ஃபார்ம் பண்ணவும்.' பிறகு போனை அணைத்துவிட்டான்.

4

அன்று பதினொரு மணிக்கு அவள் கடைக்கு வந்தாள். வார விடுமுறைக்கு ஊருக்குப் போகிற வழி. அதற்கு முன் நான் அவளைப் பார்த்ததில்லை.

"அண்ணே, பேனர் அடிச்சிட்டீங்களா?"

"பாதி அடிச்சாச்சு."

"மீதிய அடிக்காதீங்க."

அழைப்பிதழ்க் கட்டுகளின் மேலேயே உட்கார்ந்தாள். ஒரு தாளை மடியில் வைத்துக்கொண்டு போன் செய்யத் தொடங்கினாள். முதல் மூன்று பேருக்குக் காளிதாசனின் இரண்டு வரியை வாசித்தாள். தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, தேதி பிறகு சொல்வோம். மூன்று பேரும் சரி என்றார்கள். ஒருவர், அப்படியானால் இன்னும் கொஞ்சம் நல்லா பயிற்சி எடுக்கிறோம் என்று நன்றி சொன்னார்.

அந்த நன்றியைக் கேட்டபிறகு அவள் சற்று நேரம் போனைத் தொடவில்லை.

நான்காவது எண் பாப்பம்மா. சீடாம் கிரி என்ற ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் சமைக்கிறவர். பன்னிரண்டு பிள்ளைகளைச் சேர்த்துக் கோலாட்டம் பழக்கிக்கொண்டிருந்தார். பிரேமாவதி ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"தள்ளி வெச்சிருக்காங்களா, இல்ல நடக்கவே நடக்காதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு புள்ள."

"தேதி பிறகு..."

"நான் தேதி கேக்கல. எம்புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து ரெண்டு மாசமா ஆடுதுங்க. இன்னும் ஆடச் சொல்லட்டா, போய் வெளையாடச் சொல்லட்டா? அத மட்டும் சொல்லு."

பிரேமாவதி மடியிலிருந்த தாளைப் பார்த்தாள். அதில் இதற்குப் பதில் இருந்தது. அவள் அதை வாசிக்கவில்லை.

"நடக்காதுங்க. வெளையாடச் சொல்லுங்க."

அதன்பிறகு பாப்பம்மா பேசியதை எழுதினால் இந்தக் கையேட்டைப் பல்கலைக்கழகத்துக்குள் விடமாட்டார்கள். பத்து நிமிடம் இருக்கும். பிரேமாவதி குறுக்கே ஒரு சொல் பேசவில்லை, போனைத் துண்டிக்கவும் இல்லை. கடைசியில் பாப்பம்மா சொன்னார்: "எங்கிட்டச் சொல்லிட்ட. அதுங்ககிட்ட யாரு சொல்றது? நீயே வந்து சொல்லு."

"வரேன்" என்றாள்.

எப்படிப் போவாய் என்று கேட்டேன். தெரியாது என்றாள். நான் வேன் சாவியை எடுத்தேன். [இந்த இடத்தில் என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. உண்மையில், 'மாபெரும்' உறுத்திக்கொண்டிருந்தது.]

5

தோட்டத்து மண்டபத்தில் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கோல்கள் பிளாஸ்டிக் குழாயை வெட்டிச் செய்தவை, சிவப்பும் மஞ்சளுமாக டேப் சுற்றியிருந்தது. பாப்பம்மா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அக்கா பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருக்கிறார் என்று மட்டும் சொல்லியிருந்தார் போலும். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் வணக்கம் சொன்னார்கள்.

பிரேமாவதி உட்கார்ந்தாள், தரையில்.

"விழா நடக்காது. தள்ளி வெக்கல, இல்லவே இல்ல. நீங்க செஞ்ச தப்பு எதுவும் இல்ல. எங்க சங்கத்துல ஒரு பேப்பர நேரத்துக்குக் குடுக்கல. குடுத்தாச்சான்னு நானும் கேக்கல."

முன் வரிசையில் ஒரு சிறுமி கேட்டாள்: "அப்ப பஸ்ஸும் வராதாக்கா?"

"வராது."

"டிவிக்காரவங்க?"

"அவங்க வர்றதா எப்பவுமே இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

இங்கே, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, 'பரவாயில்லக்கா, உங்களுக்காக ஆடுறோம்' என்று ஆடினார்கள் என எழுத என் கை துடிக்கிறது. எழுதினால் கதை நிமிர்ந்துவிடும். ஆனால் அவர்கள் ஆடவில்லை. இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தி கோலை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தாள். மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் மண்டபத்துக்கு வெளியே பந்து விளையாடும் சத்தம் கேட்டது.

பாப்பம்மா எங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சர்க்கரை குறைவு.

திரும்பும் வழியில், சுங்கை பட்டாணி சிக்னலில் வேன் நின்றபோது பிரேமாவதி பேசினாள்.

"அண்ணே, மொத மூணு பேருக்கும் திரும்பப் போன் பண்ணணும்."

"எதுக்கு?"

"அவங்க இன்னும் ஆடிக்கிட்டு இருப்பாங்க."

அன்றும் மறுநாளுமாகப் பதினான்கு குழுவுக்கும் உண்மையைச் சொல்லி முடித்தாள். ஒன்பது பேர் திட்டினார்கள், மூன்று பேர் பேசாமல் வைத்துவிட்டார்கள். ஒருவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார், ஒருவர் ராங் நம்பர் என்றார்.

6

காளிதாசன் பாத்திரம் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

இதுவரை அவனை ஒரு வில்லனாகத்தான் செதுக்கி வந்திருக்கிறேன், அது சுலபமாக இருக்கிறது. ஆனால் அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. மேடையில் ஏறினால் நடுங்காதவன், பதினான்கு பேர் திட்டுவார்கள் என்றதும் நடுங்கிப்போய் விடுதி அறையில் போர்வைக்குள் படுத்துக்கொண்டான். மூன்று நாள் கழித்து எழுந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. யாரோ எல்லாவற்றையும் முடித்துவைத்திருந்தார்கள். அன்றே அவனுக்கும் தொழில் வழி தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். வாக்குக் கொடுப்பதை மட்டும் தனியாகப் பிரித்துத் தொழிலாகச் செய்யலாம் என்ற வழி.

சங்கத்து ஆண்டறிக்கையில் அந்த விழா 'வெற்றிகரமாகத் திட்டமிடப்பட்டது' என்று இருக்கிறது. நான்தான் அச்சடித்தேன். மெரிட் புள்ளி எல்லாருக்கும் கிடைத்தது. பிரேமாவதிக்கு மட்டும் இல்லை. நடக்காத நிகழ்ச்சியில் தொடர்புப் பிரிவு என்ன செய்தது என்று காட்டச் சான்று வேண்டும் என்றார்கள். அடுத்த வருடம் அவள் வளாகத்துக்கு வெளியே அறை எடுத்துத் தங்கினாள்.

7

இறுதி வருடம் முடிந்ததும் கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையின் நேர்காணலுக்குப் போனாள். பெயர் வேண்டாம். கைப்பேசிக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் ஏதோ ஒரு துண்டைச் செய்கிறார்கள். மனிதவளப் பிரிவின் மேலாளர் வாசுகி, நாற்பது வயது இருக்கும், வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டுக் களைத்திருந்தார்.

"யூனிவர்சிட்டில என்ன எக்டிவிட்டி செஞ்ச?"

முன்னால் வந்த ஒன்பது பேரும் தலைமைத்துவம், கூட்டுமுயற்சி, நேர மேலாண்மை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

"நிகழ்ச்சி நடக்காதுன்னு பதினாலு பேருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்" என்றாள் பிரேமாவதி.

வாசுகி நிமிர்ந்து பார்த்தார். "திட்டினாங்களா?"

"ஒன்பது பேரு."

"நீ என்ன செஞ்ச?"

"கேட்டுக்கிட்டேன். அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் வெக்கல."

"அழலியா?"

"வெச்சப்புறம்."

வேலை அங்கேயே முடிவாகிவிட்டது. அது ஏன் அவ்வளவு வேகமாக முடிவானது என்று அவள் அன்று யோசிக்கவில்லை. வாசுகி அப்படி ஓர் ஆளைத்தான் நெடுநாளாகத் தேடிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் பக்கிரிசாமியே என் கடைக்கு வந்தார். மகளுக்கு வாழ்த்துப் பேனர். பண்டார் பாருவில் பஸ் நிற்கும் இடத்தில், ஆள் ஏறும்போது பார்க்கிற மாதிரி. "எளம் மனிதவள அதிகாரின்னு பெருசாப் போடுங்கண்ணே" என்றார். புகைப்படம் ஒன்று கொடுத்தார். அதிலும் நெற்றிதான் அதிகம். பத்து அடி பேனர் கேட்டார், பன்னிரண்டு அடியில் அடித்துக் கொடுத்தேன்.

8

அவள் சேர்ந்த பதினோராவது மாதம், உற்பத்தி வரிசைகளில் இரண்டாம் லைனை மூடுவதாகத் தீர்மானித்தார்கள். அதில் முப்பத்தெட்டுப் பேர் ஒப்பந்த ஆட்கள். வருடா வருடம் புதுப்பித்துப் புதுப்பித்துச் சிலர் ஒன்பது, பத்து வருடமாக அங்கேயே இருந்தார்கள். அவர்களை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுச் சொல்லும் வேலை பிரேமாவதிக்கு.

வாசுகி ஒரு தாளைக் கொடுத்தார். உற்பத்தி மறுசீரமைப்பு காரணமாகத் தங்கள் ஒப்பந்தம் இம்மாதத்துக்குப் பின் தற்சமயம் புதுப்பிக்கப்படவில்லை. புதிய ஆர்டர் வந்ததும் முன்னுரிமை கொடுத்துத் திரும்ப அழைக்கப்படுவீர்கள்.

"திரும்ப அழைப்பாங்களா மேடம்? மிஷின எல்லாம் பெட்டி கட்ட ஆள் வரச் சொல்லியாச்சே. ஆளக் கூப்புட்ட பேப்பர நான்தானே டைப் பண்ணினேன்."

வாசுகி கெட்டவர் இல்லை. கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "இன்னும் மூணு வாரம் ஆர்டர் ஓடணும் பிரேமா. இல்லன்னு சொன்னா நாளைக்கே பாதிப் பேரு போயிடுவாங்க. ஆர்டர் போச்சுன்னா அடுத்தது மூணாவது லைன். அதுல அறுபது பேரு. எழுதிக் குடுத்தத மட்டும் வாசி. ஒரு வார்த்த கூட்டாத."

முதல் ஆள் அழகேசன். நாற்பத்தேழு வயது. பக்கிரிசாமியின் பஸ்ஸில் தினமும் பண்டார் பாருவில் ஏறுகிறவர். பதினொரு மாதமாகத் தினமும் அந்தப் பேனரைப் பார்த்தவர். உள்ளே வந்ததும், "பக்கிரி அண்ணன் மகதானே, நல்லாயிரும்மா" என்றுதான் உட்கார்ந்தார்.

அவள் வாசித்தாள். அவர் தலையாட்டிக் கேட்டார். பிறகு முன்னால் சாய்ந்து, சொந்தக்காரப் பிள்ளையிடம் யோசனை கேட்பது போலக் கேட்டார்.

"ஏம்மா, பட்டர்வொர்த்துல என் மச்சான் வொர்க்‌ஷாப் வெச்சிருக்கான். திங்கக்கெழம வா, இல்லன்னா வேற ஆளப் போட்டுருவேன்றான். இவங்க திரும்பக் கூப்புடுவாங்கன்னா நான் போகல. ஒம்போது வருசம் இங்கயே இருந்துட்டேன். கூப்புடுவாங்கல்ல?"

தாளில் பதில் இருந்தது. வாசித்தால் போதும்.

[இந்த இடத்தில் அவள் மனத்துக்குள் ஒரு போராட்டத்தை எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அவளிடம் காட்டினேன். "அவ்ளோ நேரம் ஆகலண்ணே" என்றாள். கிழித்துவிட்டேன்.]

"கூப்புட மாட்டாங்க அங்கிள். மிஷின அனுப்பப் போறாங்க. நீங்க மச்சான்கிட்டப் போங்க."

அழகேசன் தாளைக் காட்டினார். "அப்ப இதுல ஏன் வேற மாதிரி இருக்கு?"

"இன்னும் மூணு வாரம் நீங்க இருந்து முடிச்சுக் குடுக்கணும்னு."

அவர் சிரித்துவிட்டு எழுந்து போனார். நன்றி சொல்லவில்லை. மீதி முப்பத்தேழு பேருக்கும் அவள் அதே போலச் சொன்னாள். மூன்றாம் லைனில் அறுபது பேர் இருக்கிறார்கள் என்பது சொல்லும்போதெல்லாம் நினைவில் இருந்தது என்றாள். தெரிந்தேதான் சொன்னாள்.

திங்கட்கிழமை பன்னிரண்டு பேர் வரவில்லை. புதன்கிழமை அவள் மேசைக்கு ஒரு கடிதம் வந்தது. காரணம் கேட்கும் கடிதம். 'அதிகாரபூர்வ அறிவிப்புக்கு மாறாக, நிறுவனத்தின் ரகசியத் தகவலை ஊழியர்களிடம் வெளியிட்டது ஏன்? உங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?'

9

சனிக்கிழமை அப்பாவும் மகளும் கடைக்கு வந்தார்கள். பதிலை நான் எழுதித் தர வேண்டுமாம். கதை எழுதுகிறவன் கடிதமும் எழுதுவான் என்று பக்கிரிசாமிக்கு ஒரு நம்பிக்கை.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். "பஸ்ல எல்லாரும் என்னையே பாக்குறாங்கண்ணே. ரெண்டு பேரு கையக் குடுத்துட்டு எறங்குறாங்க. மூணாவது லைன் ஆளுங்க மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. ஏம்மா, எழுதிக் குடுத்தத வாசிச்சிருந்தா என்னம்மா?"

நான் எழுதத் தொடங்கினேன்.

முதல் பதில்: அனுபவக் குறைவாலும் உணர்ச்சிவசப்பட்டதாலும் நிகழ்ந்த தவறுக்கு ஆழ்ந்த மன்னிப்பு.

படித்துவிட்டு, "நான் உணர்ச்சிவசப்படலண்ணே" என்று வைத்துவிட்டாள்.

இரண்டாம் பதிலில் கொஞ்சம் முறுக்கேற்றினேன். உழைப்பாளிகளை ஏமாற்றும் எந்த நிறுவனத்திலும் பணியாற்ற என் மனசாட்சி இடம் கொடுக்காது. ஆகவே இதையே என் பதவி விலகல் கடிதமாக

"நான் வெலகப் போறதில்லையே" என்றாள்.

எனக்கே ஆச்சரியம். "வெலகலையா?"

"எனக்கு இந்த வேல வேணும்ணே. படிப்புல எனக்கு எதுவும் புடிச்சதில்ல. இதுதான் எனக்கு வருது. எதிர்ல ஒருத்தர உக்கார வெச்சு, அவங்களுக்குக் கெட்டது நடக்கப்போகுதுன்னு சொல்றது. யாராவது சொல்லித்தானே ஆகணும்? வேற ஒருத்தர் அந்த நாற்காலில உக்காந்தா பேப்பரத்தான் வாசிப்பாங்க."

"அந்த நாற்காலிய அவங்க குடுக்கணுமேம்மா" என்றார் பக்கிரிசாமி.

"ஆமாப்பா. அதான் எப்படி எழுதுறதுன்னு தெரியல."

பதினொரு கதை எழுதியவன், எங்கே எந்தச் சொல்லைப் பெரிதாகப் போட வேண்டும் என்று தெரிந்தவன், எனக்கும் தெரியவில்லை.

10

காளிதாசனுக்கு ஒரு முடிவு வேண்டும். சில மாதிரிகள் தயாராக வைத்திருக்கிறேன்.

நிறுவனத் தலைவர் அவளுடைய நேர்மையைக் கண்டு வியந்து வாசுகியின் இடத்தில் அவளை அமர்த்துகிறார். (இதை எழுதும்போதே பேனா கூச்சப்பட்டது.)

வேலை போகிறது; அவள் சொந்தமாக ஆலோசனை மையம் திறக்கிறாள்; ரிப்பனை வெட்டுவது காளிதாசன். (அவனுக்கு இது பிடிக்கும்.)

முப்பத்தெட்டுப் பேரும் அழகேசன் தலைமையில் வாசலில் திரண்டு அவளுக்காகக் குரல் கொடுக்கிறார்கள். இதை நம்பி அழகேசனுக்குப் போனே செய்துவிட்டேன். பட்டர்வொர்த்தில் கியர்பெட்டிக்கு அடியில் படுத்திருந்தார். "நல்ல புள்ளண்ணே. சொன்னதால பொழச்சேன். ஆனா லீவு கேக்க முடியாது லா, இப்பத்தான் சேந்திருக்கேன்" என்றார். நியாயம்.

ஒன்பதாம் பகுதிவரை எழுதியதைக் காளிதாசனுக்கு அனுப்பிப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. 'சூப்பர் அண்ணே. நான் போன் ஆஃப் பண்ணின பார்ட் தேவையா? எண்டிங் பாசிட்டிவா இருக்கட்டும்.' அரைமணி கழித்து இன்னொன்று: 'அவ என்மேல கோவமா இருக்காளா?' முதல் செய்திக்கு நான் பதில் போடவில்லை. இரண்டாவதற்கு அவளுடைய எண்ணை அனுப்பினேன். அவனிடம் அது ஏற்கெனவே இருக்கிறது.

11

இன்று புதன்கிழமை. மாலை ஆறு மணிக்குப் பிரேமாவதி தனியாக வந்தாள். விசாரணை நாளைக் காலை பத்து மணிக்கு. பதிலை அவளே எழுதியிருந்தாள், அரைப் பக்கம். ஒரு நகல் எடுக்க வந்திருந்தாள்.

"படிச்சுப் பாக்குறீங்களா?"

படித்தால் ஒரு சொல்லையாவது மாற்றுவேன் என்று எனக்குத் தெரியும். வேண்டாம் என்றேன். இயந்திரத்தில் கவிழ்த்து வைத்து நகல் எடுத்துக் கொடுத்தேன்.

"பயமா இருக்கா?"

"இருக்கு. மூணாவது லைன மூடினா என்னாலதான்னு சொல்லுவாங்க. அது உண்மையா இருந்தாலும் இருக்கும்ணே." கடிதத்தை உறையில் போட்டாள். "ஆனா அந்த அறுபது பேருகிட்டயும் யாராவது போய்ச் சொல்லணும்ல. நானே சொன்னா நல்லது."

போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

அந்த விசாரணை அறையை நான் பார்த்ததில்லை, அவள் சொல்லித்தான் தெரியும். நீள மேசை. ஒரு பக்கம் மூன்று நாற்காலி, எதிர்ப்பக்கம் ஒன்று. வாசுகி நடுவில் உட்காருவார். கையில் ஒரு தாள் இருக்கும், அதை மேலிருந்து யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள். அவர் அதை அப்படியே வாசிக்கலாம். வாசிக்காமலும் இருக்கலாம்.

வாசகரே, இரண்டு பக்கமும் இடம் இருக்கிறது. இத்தனை வருடத்தில் நீங்கள் எந்தப் பக்கத்தில் அதிகம் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குத்தான் தெரியும். மணி பத்து என்று வைத்துக்கொள்வோம், வாசுகியின் தாள் உங்கள் கையில். அவள் உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் பேசுங்கள்.